நாற்பத்தொரு நீலச் சீட்டுகள்

ஹட்டன்
06.01.2025

மதிப்புக்குரிய சண்முகவடிவு அவர்களுக்கு,

நான் அழகுமுத்து. செம்பகமலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி சிவசாமியின் பேரன். தோட்டப் பள்ளியில் உங்களுக்கு முன் வாங்கில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பேசி அடி வாங்கியவன். 1974இல் நீங்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய பிறகு இதுதான் முதல் கடிதம். கூடலூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் உங்கள் விலாசத்தையும் மகனின் நம்பரையும் கொடுத்தார். இரண்டு முறை அழைத்தேன். "அம்மா போன்ல பேச மாட்டாங்களாம், எழுதச் சொல்றாங்க" என்றார் நிரஞ்சன். ரிட்டயரான வாத்தியாருக்கு எழுதக் கசக்குமா? இதோ எழுதுகிறேன்.

மலைநாட்டுப் பாரத சபையை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காந்தி இலங்கைக்கு வந்துபோன சூட்டோடு, 1928இல் என் தாத்தா செயலாளராக இருந்து தொடங்கிய கட்சி. நான்கே வருஷத்தில் இருபத்துமூன்று தோட்டங்களில் கிளை. கொழுந்து பறிக்கிற ஆட்கள் கதர் கட்டினார்கள். தொரை எதிரே வந்தால் கொட்டுகிற மழையிலும் குடையை மடக்க வேண்டும் என்ற வழக்கத்தை உடைத்து, குடை விரித்தபடியே நடந்தார்கள்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு நீலச் சீட்டுக் கொடுத்தது. 'இந்த நாட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பேன்' என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டு. சீட்டு இருந்தால் வோட்டு. தாய்நாட்டைக் கைவிட்டு வாங்கும் வோட்டு நமக்கு வேண்டாம் என்றது சபை. 1934 மாசியில், காமன் கூத்தின் கடைசி நாள், விடிகிற நேரத்தில் காமனை எரித்தபோது, நம் தோட்டத்தில் நாற்பத்தொரு குடும்பத் தலைவர்கள் தங்கள் சீட்டுகளை அந்த நெருப்பில் போட்டார்கள். வோட்டர் பட்டியலில் எங்கள் பெயர் வேண்டாம் என்று சர்க்கார் கச்சேரிக்கும் கைநாட்டு வைத்து அனுப்பினார்கள். நெருப்பில் முதலில் கை நீட்டியவர் என் தாத்தா. கடைசியாகப் போட்டவர் தப்பு அடித்துக்கொண்டிருந்த உங்கள் தாத்தா பொன்னையா.

அந்த நாற்பத்தொரு பேருக்கும், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கல் வைக்கிறோம். வருகிற மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சபையை அதே பெயரில் மறுபடி தொடங்குகிறார் லோஜன் என்ற துடிப்பான ஆள். பிரதேச சபைத் தேர்தலில் முதல் பெயராக என்னை நிற்கச் சொல்கிறார். சிவசாமியின் பேரன் என்பதால்தான், வேறு தகுதி எனக்கு என்ன இருக்கிறது?

உங்கள் தாத்தாவின் படமும், மேடையில் வாசிக்க ஒரு பக்கம் வாழ்த்தும் அனுப்ப வேண்டும். முடிந்தால் நேரில் வாருங்கள்.

அழகுமுத்து

*

கூடலூர்
22.01.2025

அழகுமுத்து அண்ணனுக்கு,

பள்ளிக்கூடத்தில் "ஏய் வடிவு" என்று சடையைப் பிடித்து இழுத்தவருக்கு இப்போது 'மதிப்புக்குரிய' வந்துவிட்டதா? தேர்தல் வந்தால் மனுஷனுக்கு மரியாதை தானாக வரும் போலிருக்கிறது.

போனில் ஏன் பேசவில்லை என்றால், போனில் பேச்சை மாற்றலாம். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று நாளைக்குச் சாதிக்கலாம். எழுதினால் முடியாது. எங்கள் ஆட்கள் எழுத்து இல்லாமல் ஏமாந்ததெல்லாம் போதும்.

சபை வளர்ந்ததை அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஒழிந்ததை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். சீட்டை எரித்த இரண்டாம் வருஷம் அதே சபை தேர்தலில் ஆள் நிறுத்தியது. கண்டியிலிருந்து ஒரு வக்கீல். கூட்டத்துக்குக் குறைவில்லை, மாலைக்குக் குறைவில்லை. வோட்டுத்தான் இல்லை. தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "வக்கீலய்யா காருல வந்து எறங்கி எங்களுக்குப் போடுங்கன்னு கும்புட்டாரு. என்னத்தப் போடுறது? சாம்பலத்தான் அள்ளிப் போடணும்." தன் வோட்டைத் தானே கொளுத்திவிட்டு வோட்டுக் கேட்டு வந்த கட்சி வேறு எங்காவது உண்டா? வக்கீல் தோற்றார். கிளை கிளையாகக் கழன்றார்கள். இரண்டாம் யுத்தம் வந்தபோது சபையின் பெயர்ப்பலகை எங்கள் லயத்து வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்ததாம்.

அதற்குப் பிறகு இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. நீ யார், காகிதம் எங்கே என்று கேட்டார்கள். காகிதம்தான் காமனோடு போய்விட்டதே. எங்கள் மனு தள்ளுபடி. பிறகு இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, எனக்குப் பதினான்கு வயதில் ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏற்றினார்கள். உங்கள் குடும்பம் மட்டும் குடியுரிமையோடு நின்று கையாட்டியது.

பாரத மாதாவுக்காகச் சீட்டைக் கொளுத்திய பொன்னையாவின் பேத்தியை, பாரத மாதாவின் மண்ணில் ஐம்பது வருஷமாகச் சிலோன்காரி என்கிறார்கள். இதையும் அந்தக் கல்லில் போட இடம் இருக்குமா?

படம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி. அன்றைக்கு உங்கள் தாத்தா நெருப்பில் என்ன போட்டார்?

சண்முகவடிவு

*

ஹட்டன்
03.02.2025

அன்புள்ள வடிவு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. (பழையபடி 'நீ' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.)

சபை தோற்றது உண்மை. நான் மறைக்கவில்லை. தோல்வியைக் கல்லில் வெட்டும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து வருஷத்துக்கு முன் நம் ஆட்கள் நிமிர்ந்து நின்றதே இல்லை என்பதும் உண்மை. அந்தக் குடைக்கு ஒரு விலை இல்லையா?

உன் கேள்வி என்னைச் சுட்டது. என்ன போட்டாரா? நீலச் சீட்டைத்தான் போட்டார். தோட்டமே பார்த்தது. எங்களுக்குக் குடியுரிமை கிடைத்ததென்றால், தாத்தா எழுதப் படிக்கத் தெரிந்தவர், விடாமல் கச்சேரிக்கு நடந்தவர். அதற்காக அவர் மேல் பழி போடுவது நியாயமில்லை. நன்றி சொல்ல வேண்டாம், சேற்றை வாரி வீசாமலாவது இருக்கலாம்.

அவருடைய தகரப் பெட்டி தலவாக்கலையில் என் அக்கா வீட்டில் இருக்கிறது. அப்பா செத்த பிறகு யாரும் திறக்கவில்லை. உன் மனம் ஆறட்டும் என்பதற்காகவே போய்த் திறந்து பார்க்கிறேன். அதில் சபையின் கொடி இருக்கும், மினிட்ஸ் புத்தகம் இருக்கும். அதற்குப் பிறகாவது படத்தை அனுப்பு. கல்வெட்டுகிறவர் அவசரப்படுத்துகிறார்.

அழகுமுத்து

*

கூடலூர்
13.02.2025

அண்ணனுக்கு,

கோபத்தில் உங்கள் கையெழுத்துக் கூட மாறிவிட்டது.

குடை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. தாத்தா இங்கே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஆபீசர் எதிரே வந்தால் குடையை மடக்க மாட்டார். மழை இல்லாத நாளிலும் அவரைக் கண்டால் வேண்டுமென்றே விரிப்பார். சபை அவருக்குக் கொடுத்தது அந்த ஒரு கொழுப்புத்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் சேற்றை வாரவில்லை. ஒரு கேள்வி கேட்டேன்.

பெட்டியைத் திறந்தீர்களா?

வடிவு

*

ஹட்டன்
24.02.2025

அன்புள்ள வடிவு,

தலவாக்கலைக்குப் போய் வந்தேன். பெட்டியில் ஒன்றும் இல்லை. கரையான் அரித்த கொடி, இரண்டு கதர்ச் சால்வை. நீ சந்தேகப்பட்டது போல் எதுவும் இல்லை.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. காமன் ஊன்ற ஆட்கள் தயார். படத்தைச் சீக்கிரம் அனுப்பு.

அழகுமுத்து

*

ஹட்டன்
01.03.2025

வடிவு,

இதை எழுதிப் படம் பிடித்து நிரஞ்சனின் நம்பருக்கு அனுப்புகிறேன். தபாலுக்கு நேரம் இல்லை. போன கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன் இது வந்தால் நல்லது. அதில் நான் எழுதியது பொய்.

நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பிரம்பெடுத்தவன் நான். அறுபத்தாறு வயதில் ஒரு தபாலட்டை அளவுக்குப் பொய் எழுதி, முத்திரை ஒட்டிப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பெட்டியில் கொடி இருந்தது. கொடிக்குள் மெழுகுத் துணி. மெழுகுத் துணிக்குள் நீலச் சீட்டு. சிவசாமி, செம்பகமலைத் தோட்டம், 1933. ஒரு மூலை கூடக் கருகவில்லை. பின்னால் 1951இல் குடியுரிமைக் கந்தோரில் குத்திய முத்திரை. இந்தச் சீட்டைக் காட்டித்தான் எங்களுக்குக் குடியுரிமை. அப்பா கிளாக்கர் ஆனதும் நான் வாத்தியார் ஆனதும் இந்தச் சீட்டில்தான். நாற்பது பேரை எரிக்கச் சொல்லிவிட்டு எங்கள் தாத்தா வேறு ஏதோ கடதாசியை நெருப்பில் போட்டிருக்கிறார்.

அக்கா, "தெரியாத மாதிரி மூடி வச்சிரு" என்றாள். மூடி வைத்தேன். உனக்குப் பொய் எழுதினேன்.  மறுநாளே பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லோஜனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சேர், இது பிரச்சினையே இல்ல. பதின்மூணாந் தேதி விடியக் காமன எரிக்கிறோம்ல, அதுல போட்ருங்க. தாத்தா போட வேண்டியத பேரன் போட்டுட்டான்னு கணக்கு நேராயிரும். கல்லுல எழுதினதும் உண்மையாயிரும்" என்றார்.

கேட்கும்போது நியாயம் போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து இங்கும் அங்கும் நடக்கிறேன். சட்டைப் பையில் சீட்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறேன். எரிக்கட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். சொல்ல உரிமை உள்ளவள் நீ ஒருத்திதான்.

அழகுமுத்து

*

கூடலூர்
08.03.2025

அண்ணனுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. பொய்தான் முதலில் தபாலில் வந்தது. உண்மை என் மகனின் போனில் ஒரு வாரம் கிடந்து, இன்றைக்குத்தான் காட்டினான். பரவாயில்லை. வந்ததே பெரிது.

எனக்கு முன்பே தெரியும். தப்பு அடிக்கிறவனை எல்லாருக்கும் பின்னால் ஓரமாக நிறுத்துவார்கள். ஓரமாக நிற்கிறவன் எல்லாவற்றையும் பார்ப்பான். உங்கள் தாத்தா போட்டது அரிசிச் சீட்டு என்று எங்கள் தாத்தா அங்கேயே பார்த்துவிட்டார். பார்த்த பிறகுதான் தன்னுடையதைப் போட்டார். எனக்கு அதுதான் ஆறவே ஆறாது.

மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்து, ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு தனியாகக் கேட்டிருக்கிறார். உங்கள் தாத்தா மறுக்கவில்லை. "ஒருத்தங்கிட்டயாவது சீட்டு இருக்கட்டும் பொன்னையா. நாளைக்கு ஒரு நெலம வந்தா உங்களுக்காகப் பேச ஒரு ஆளு வேணும்ல?" என்றாராம். எங்கள் தாத்தா அதை நம்பினார். வெளியே மூச்சு விடவில்லை. பதினேழு வருஷம் ஒரு கட்சியின் மானத்தை வாயில் அடக்கி வைத்திருந்தார்.

1951இல் அந்த நிலைமை வந்தது. இவர்கள் இங்கேயே இருந்தவர்கள், சீட்டு வைத்திருந்தவர்கள், எனக்குத் தெரியும் என்று ஒருவர் கந்தோரில் வந்து சொன்னால் போதும். எங்கள் தாத்தா உங்கள் வீட்டு வாசலுக்குப் போனார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சீட்டை எரித்த கதையைச் சொல்லப் போனால், உன் சீட்டு மட்டும் எப்படி மிஞ்சியது என்று கேட்பார்களே! உங்கள் தாத்தா, "எனக்கு உடம்பு சரியில்ல, பொறகு பாப்பம்" என்றே சொல்லி அனுப்பினார். அந்தப் பிறகு வரவே இல்லை. கப்பல் இறங்கித் தங்கிய மண்டபம் முகாமில் தாத்தா இதைப் பாட்டியிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

உங்கள் தாத்தா சீட்டை வைத்துக்கொண்டதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பயந்தவர், பிள்ளைகுட்டிக்காரர். பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாரே, அதை மன்னிக்க எனக்கு முடியவில்லை.

எரிக்கட்டுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் லோஜன் கெட்டிக்காரர். ஒரு தடவை எரித்து வோட்டு போனது. இன்னொரு தடவை எரித்து வோட்டு வாங்கப் பார்க்கிறார். எரிக்காதீர்கள் அண்ணே. உங்கள் தாத்தாவுக்கு அந்தச் சீட்டு எதற்காக மிஞ்சியதோ அதைச் செய்யுங்கள். எங்களுக்காகப் பேசுங்கள். எழுபத்துநாலு வருஷம் பிந்திவிட்டது. பேசினால் உங்களுக்கு வோட்டு விழாது. தெரிந்துதான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் நிரஞ்சன் இன்றைக்கே போனில் அனுப்பிவிடுவான். தாத்தாவின் படம் இப்போது அனுப்பவில்லை.

வடிவு

*

ஹட்டன்
17.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.  

காமனை எரித்த அன்று நான் நெருப்புக்குப் பக்கத்தில் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றேன். லோஜன் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திறப்புக்கு நல்ல கூட்டம். பெரட்டுக் களம் முழுக்கக் கொடி. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சீட்டை எடுத்து உயர்த்திக் காட்டினேன். "இது எங்க தாத்தாவோட நீலச் சீட்டு. இது எரியல. இது எரியாததால நான் இங்க நிக்கிறேன். எரிச்சவங்க ஒருத்தரும் இங்க இல்ல" என்றேன். 1951இல் பொன்னையா எங்கள் வாசலுக்கு மூன்று தடவை வந்ததையும் சொன்னேன். அந்த இடத்தில் மைக் செத்துவிட்டது. லோஜன் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். நாற்பது வருஷம் வகுப்பில் கத்திய தொண்டைக்கு மைக் எதற்கு? விடாமல் பேசினேன்.

பிறகு கல்லைப் பார்த்துப் பேர்களை வாசித்தேன். தாத்தாவின் பேரை விட்டுவிட்டேன். மற்ற நாற்பதையும், பெரட்டில் கணக்குப்பிள்ளை கூப்பிடுவது போல, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, பதிலுக்கு நின்றேன். உனக்குத் தெரியுமே, பதில் வராவிட்டால் அடுத்த பேருக்குப் போக மாட்டார்கள், ஒரு மூச்சு நிற்பார்கள். நானும் நின்றேன். முதல் நாலைந்து பேருக்குக் கூட்டத்தில் சிரிப்புக் கூட இருந்தது. பத்துப் பேருக்குப் பிறகு சிரிப்பு நின்றது. ஒருவருக்கும் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கடைசியில் "பொன்னையா" என்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. யாரோ ஒரு கிழவி, "போதும் வாத்தியாரே, முடியல" என்று அழுதாள்.

அதோடு கூட்டம் கலைந்தது. நான் துரோகி என்று லோஜன் கத்தினார். மாலைக்குள் அவருடைய ஆட்கள் வந்து கல்லையே பெயர்த்து லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது களத்தில் சீமெந்துப் பீடம் மட்டும் நிற்கிறது. வேட்பு மனு வேறொருவர் பெயரில் போகிறதாம். புதுச் சபை பழைய சபையை விட வேகமாகக் கலைந்துவிட்டது. அக்கா என்னோடு பேசுவதில்லை. பஸ்ஸில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் எழுந்து இடம் தருகிறார்கள்.

சீட்டை இதோடு அனுப்புகிறேன். எங்கள் வீட்டில் இனி அதற்கு வேலை இல்லை.

நான் பேசிவிட்டேன் தங்கச்சி. ஆனால் அந்தப் பேருக்குப் பதில் வராதது காதிலேயே இருக்கிறது. எதற்கும் அடங்க மாட்டேன் என்கிறது.

அழகுமுத்து

*

கூடலூர்
04.04.2025

அண்ணனுக்கு,

சீட்டு பத்திரமாக வந்தது. கையில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்னதா? இதற்காகவா இரண்டு நாடு, கப்பல், முகாம், இத்தனை அழுகை? கோபம் வந்தது. பிறகு உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் படித்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கல்லைக் கொண்டு போனால் போகட்டும். நீங்கள் கூப்பிட்டீர்களே, அது போதும். எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. வெளியே போகச் சொல்லித்தான் பேர் வாசித்திருக்கிறார்கள்.

சீட்டை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். அது அந்த மண்ணில் குடியிருக்கக் கொடுத்த சீட்டு. தபாலிலும் அனுப்ப மாட்டேன். தாத்தாவின் படத்தையும் தபாலில் அனுப்பப் போவதில்லை. இரண்டையும் நானே கொண்டு வருகிறேன். நிரஞ்சன் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து விசாவுக்குப் பாரம் நிரப்பினோம். பிறந்த இடம் என்று ஒரு கட்டம். செம்பகமலைத் தோட்டம், ஹட்டன் என்று போட்டான். வருகிற காரணம் என்று இன்னொரு கட்டம். பெரட்டில் பேர் கூப்பிட்டார்கள், பதில் சொல்லப் போகிறேன் என்று எழுதச் சொன்னேன். "அம்மா, அப்படியெல்லாம் எழுத முடியாது" என்று சுற்றுலா என்று போட்டுவிட்டான்.

நீங்கள் சுற்றுலா என்று நினைத்துவிடாதீர்கள். வந்த மறுநாள் காலையில் களத்துக்கு வாருங்கள். அந்தப் பேரை இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.

சண்முகவடிவு